கால்கட்டு அவிழும் வயது

திருமணமாகி, பிள்ளைகளும் பெற்று, நாற்பதைத் தாண்டிய ஓர் ஆண் தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று உணர்ந்து ஏற்றுக்கொள்வது இந்தியாவில் நெடுங்காலமாக நடந்துவருகிறது. குடும்பநல நீதிமன்றத்தில் அது பேசப்படுகிறது. மனநல மருத்துவரிடமும், அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனை நடக்கும் நம்பிக்கை மையத்தின் ஆலோசகரிடமும் பேசப்படுகிறது. வீட்டுக்குள் மட்டும் அந்தப் பேச்சு வந்து சேர்வது அரிது. சேரும்போது பெரும்பாலும் விபத்தாகத்தான் வருகிறது: பூட்டாமல் விட்ட கைபேசி, மிரட்டல் அழைப்பு, மருத்துவ அறிக்கை.

நாற்பது வயதில் புதிதாக முளைக்கும் ஆசை என்று இதைப் பலர் நினைக்கிறார்கள். ஈர்ப்பு பெரும்பாலும் பருவ வயதிலேயே இருந்திருக்கும். ஒருவருடைய பாலியல் வாழ்வில் மூன்று தளங்கள் உண்டு: யார்மீது மனமும் உடலும் ஈர்க்கப்படுகின்றன, யாருடன் உறவு நடக்கிறது, தன்னை யார் என்று அவர் சொல்லிக்கொள்கிறார். இந்த மூன்றும் எல்லோரிடமும் ஒத்துப்போவதில்லை. ஆண்கள்மீது மட்டுமே ஈர்ப்புள்ள ஒருவர் மனைவியுடன் உறவு கொண்டு, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனாகி, தன்னைச் சாதாரணக் குடும்பஸ்தன் என்றே இருபது ஆண்டுகள் நம்பியிருக்க முடியும். பிள்ளை பிறந்திருப்பது ஈர்ப்பின் திசைக்குச் சான்று ஆகாது. இதைப் புரிந்துகொள்ளாமல்தான் உண்மை தெரிந்த பிறகும் உறவினர்கள் 'ரெண்டு புள்ள பெத்தவன் எப்படி அப்படி இருக்க முடியும்?' என்று கேட்கிறார்கள்.

இப்படிப்பட்டவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. பதினான்கு வயதிலேயே தெரிந்துகொண்டு, கல்யாணம் ஆனால் போய்விடும் என்று நம்பி மணமேடை ஏறியவர்கள் உண்டு. விடுதி நாட்களில் நடந்ததை வயதுக்கோளாறு என்று ஒதுக்கிவைத்தவர்கள் உண்டு. ஆண், பெண் இருவர்மீதும் ஈர்ப்புள்ள இருபாலீர்ப்பாளர்கள் உண்டு. அவர்கள் மனைவிமீது கொண்ட ஆசை உண்மையானது, அவர்களுடைய சிக்கல் வேறு. தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் 'கோத்தி' என்று தங்களை அழைத்துக்கொள்ளும் ஆண்கள் இருக்கிறார்கள். நண்பர்கள் வட்டத்தில் பெண்மை கலந்த நடையும் பேச்சுமாக இருந்து, வீட்டில் மனைவி பிள்ளைகளோடு வாழ்வது அவர்களில் பலருக்கு வழக்கமான ஏற்பாடு. அம்மா கேட்டார், தங்கை கல்யாணம் நிற்கிறது என்றார்கள், கட்டிக்கொண்டேன் என்பார்கள். சென்னையின் ஐ.டி. நிறுவனத்தில் வேலை பார்த்து, தன்னை 'கே' என்று சொல்லிக்கொள்பவருக்கு இருக்கும் சொற்களும் தப்பிக்கும் வழிகளும் அவர்களுக்கு இருந்ததில்லை.

சட்டமும் வைத்தியமும் நடத்திவைத்த கல்யாணங்கள்

ஏன் கல்யாணம் செய்துகொண்டான் என்பதுதான் முதலில் எழும் கேள்வி. மனைவி கேட்கும் கேள்வியும் அதுவே. பதில் தனிமனிதனிடம் மட்டும் இல்லை. 1980-ல் பிறந்த ஒருவரின் வயதோடு நாட்டின் சட்டத்தை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும்.

மெக்காலே தலைமையில் வரைவு கண்டு 1862-ல் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவு, இயற்கைக்கு மாறான உறவு என்று அது பெயரிட்டதற்கு ஆயுள் தண்டனை வரை வைத்திருந்தது. அந்த 1980-க்காரர் பதின்வயதில் இருந்தபோது தமிழில் இதைப் பற்றி அவருக்குக் கிடைத்ததெல்லாம் வசைச்சொற்கள், திரைப்பட நகைச்சுவைகள், பத்திரிகை டாக்டர் பகுதிகளின் எச்சரிக்கைகள், ஊர் ஊராகப் போய் லாட்ஜில் அறை எடுத்து 'ஆண்மைக் குறைவு' தீர்ப்பதாகச் சொன்ன வைத்தியர்களின் விளம்பரங்கள். அவருக்குப் பதினெட்டு வயதானபோது, 1998-ல், இரண்டு பெண்களின் காதலைச் சொன்ன தீபா மேத்தாவின் 'ஃபயர்' படம் ஓடிய திரையரங்குகள் மும்பையிலும் டெல்லியிலும் அடித்து நொறுக்கப்பட்டன. இருபத்தெட்டில், 2008-ல், அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தால், மறு ஆண்டு ஜூலை 2 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் வயதுவந்தோர் மனமொத்து, தனிமையில் கொள்ளும் உறவு குற்றமல்ல என்றது. 2013 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அவர் மீண்டும் குற்றவாளி ஆனார். மறு ஆண்டே பெங்களூருவில் ஒரு மனைவியின் புகாரில் கணவர் 377-வது பிரிவின் கீழ் கைதானார். 2018 செப்டம்பர் 6 அன்று, நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக மனமொத்த உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியபோது அவருக்கு வயது முப்பத்தெட்டு. பிள்ளை பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கும். வீட்டுக் கடனில் பாதிகூடக் கட்டி முடித்திருக்க மாட்டார்.

அந்த வழக்கில் தனித் தீர்ப்பு எழுதிய நீதிபதி இந்து மல்ஹோத்ரா, இம்மக்களிடம் மட்டுமல்லாமல் அவர்களுடைய குடும்பங்களிடமும் வரலாறு மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது என்றார். அந்தக் குடும்பங்களில், உண்மை தெரியாமல் இப்படிப்பட்ட ஆண்களுக்குக் கட்டிவைக்கப்பட்ட பெண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

மருத்துவம் சட்டத்துக்குத் துணைநின்றது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-லும், உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்றும் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டன. இந்திய மனநல மருத்துவர் சங்கம் இது நோயல்ல என்று வெளிப்படையாக அறிவித்தது 2018-ல்தான். இடைப்பட்ட காலத்தில் மகனைக் கூட்டிவந்த பெற்றோரிடம் கல்யாணத்தையே மருந்தாகச் சொன்ன மருத்துவர்கள் உண்டு. ஊர் வழக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது: ஒரு கால்கட்டு போட்டால் எல்லாம் சரியாகிவிடும். குடி, ஊர்சுற்றல், சாமியாராகும் ஆசை எல்லாவற்றுக்கும் எழுதப்பட்ட அதே சீட்டு இதற்கும் எழுதப்பட்டது. மருந்தாகக் கொடுக்கப்பட்டவள் ஒரு பெண் என்பதையோ, அவளுக்கும் ஆசைகள் உண்டு என்பதையோ அந்தச் சீட்டை எழுதியவர்கள் யோசிக்கவில்லை. இந்தக் கட்டாயத்தில் இழைக்கப்பட்ட அநீதிகளில் ஆகப் பெரியது இதுதான்.

சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7 அன்று இந்த மருத்துவத்தின் மீது கைவைத்தது. வீட்டாரிடமிருந்து தப்பி வந்த இரண்டு பெண்கள் தொடுத்த சுஷ்மா வழக்கில், நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் முதலில் தானே ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து இதைப் பற்றிக் கற்றுக்கொண்டார். தன் முன்முடிவுகளைத் தீர்ப்பிலேயே ஒப்புக்கொண்டார். ஈர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார். தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் அத்தகைய சிகிச்சையைத் தொழில்முறைத் தவறாக அறிவித்ததற்கு இந்த வழக்கே காரணம். ஆனாலும் பழக்கம் லேசில் போவதில்லை. 2024-ல் அதே ஆணையம் வெளியிட்ட பாடத்திட்டத்தின் தடயவியல் பகுதியில் பழைய 'இயற்கைக்கு மாறான குற்றங்கள்' திரும்பவும் தலைகாட்டின; எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களில் அந்த ஆவணம் திரும்பப் பெறப்பட்டது.

வீட்டுக்கு உள்ளே

இத்தகைய மணவாழ்வு எல்லாமே வெறுப்பில் ஓடுவதில்லை. பல கணவர்கள் மனைவிமீது உண்மையான பிரியம் வைத்திருக்கிறார்கள். சமையலில் உதவுவார்கள், மாமியார் வீட்டு நல்லது கெட்டதுக்கு முன்நிற்பார்கள், கைநீட்டி அடித்திருக்க மாட்டார்கள். 'இப்படி ஒரு தங்கமான மாப்பிள்ளை' என்று பெயர் வாங்கியிருப்பார்கள். குறை படுக்கையறையில் இருக்கும். முதலாண்டில் கடமைபோல நடந்து, கரு தரித்ததும் குறைந்து, இரண்டாவது பிள்ளையோடு நின்றுபோகும். வேலைக் களைப்பு, சர்க்கரை, முதுகுவலி என்று காரணங்கள் மாறிக்கொண்டே இருக்கும்.

மனைவி அந்தக் குறையைத் தன்மீதே ஏற்றிக்கொள்கிறாள். நிறம், எடை, பிரசவத்துக்குப் பின் மாறிய உடல் என்று தன்னிடமே காரணம் தேடுகிறாள். பிள்ளை இல்லாவிட்டால் 'விசேஷம் ஒண்ணும் இல்லையா?' என்ற கேள்வி அவளிடம்தான் கேட்கப்படுகிறது. கோயில் கோயிலாகவும் கருத்தரிப்பு மையங்களுக்கும் அவள்தான் அலைகிறாள். ஊசிகள் அவள் உடம்பில்தான் ஏறுகின்றன. கணவன் தன்னைத் தொடாததை அம்மாவிடம்கூடச் சொல்ல முடியாமல் ஆண்டுகள் போகின்றன. வேறொரு பெண் இருக்கிறாளோ என்று அவள் சந்தேகப்படுவாள்; இப்படி ஒரு காரணம் இருக்கக்கூடும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

கணவனின் மறைவாழ்வு முன்பு பூங்காவிலும் கடற்கரையிலும் பேருந்து நிலையத்திலும் நடந்தது. 2009-ல் கிரைண்டர் செயலி வந்த பிறகு அது மெல்ல மெல்லக் கைபேசிக்குள் குடிபுகுந்தது. கூடவே பணம் பறிக்கும் கும்பல்களும் வந்தன. செயலியில் பேசி வரவழைத்து, நான்கைந்து பேர் சூழ்ந்து, படம் பிடித்து, வீட்டுக்குச் சொல்லிவிடுவோம் என்று மிரட்டுவது நாட்டின் பல நகரங்களில் காவல்துறை பதிவு செய்திருக்கும் குற்றமுறை. மணமானவரே அவர்களுக்கு வசதியான இரை, ஏனெனில் அவர் புகார் கொடுக்க மாட்டார் என்று அவர்களுக்குத் தெரியும். 2018-க்குப் பிறகு புகார் கொடுப்பவர்மீது வழக்குப் பாய முடியாது. தமிழ்நாட்டில் இம்மக்களைத் துன்புறுத்தும் காவலர்கள்மீது நடவடிக்கை எடுக்க 2022-ல் நடத்தை விதிகளும் திருத்தப்பட்டன. பயம் மட்டும் போகவில்லை.

எச்.ஐ.வி. பற்றித் தயங்காமல் பேச வேண்டும். பாதுகாப்பற்ற உறவு இருந்திருந்தால், மனைவியிடம் எதைச் சொல்வது, எப்போது சொல்வது என்ற யோசனைகளுக்கெல்லாம் முன்பு பரிசோதனை நடந்தாக வேண்டும். அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் அது இலவசம். முடிவு ரகசியமாக வைக்கப்படும். 1097 என்ற இலவச எண்ணில் வழி கேட்கலாம். 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், ஒப்புதல் இல்லாத பரிசோதனையையும் பாகுபாட்டையும் தடுக்கிறது; தொற்றுள்ளவர் அதைத் துணைக்குப் பரவாமல் தடுக்க வேண்டிய கடமையையும் சொல்கிறது. கூட்டு மருந்துகளைத் தவறாமல் எடுத்து, இரத்தத்தில் கிருமியின் அளவு கண்டறிய முடியாத நிலைக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று பரவுவதில்லை. எனவே பரிசோதனையைத் தள்ளிப்போட எந்த நியாயமும் இல்லை. மனைவி ஒப்புக்கொள்ளாத ஆபத்தை அவள் தலையில் வைக்க யாருக்கும் உரிமை கிடையாது.

ஏன் இந்த வயதில்?

இருபது ஆண்டுகள் அடக்கிவைத்தது நாற்பதுகளில் ஏன் மேலே வருகிறது? காரணங்கள் பெரும்பாலும் வாழ்க்கையின் நடைமுறையிலேயே இருக்கின்றன. பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள், வீடு காலியாகிறது. யாருக்காக நடிக்கிறோமோ அந்த அப்பாவோ அம்மாவோ இறந்துபோகிறார்கள். முதல் மாரடைப்போ சர்க்கரை நோயோ மீதமுள்ள ஆண்டுகளை எண்ண வைக்கிறது. வெளியூர் மாற்றல் கிடைத்துத் தனியாகத் தங்கும்போது, இதுவரை கூச்சலில் கேட்காத ஒன்று கேட்கத் தொடங்குகிறது. சிலருக்கு முதல்முறையாகக் காதல் வருகிறது. அதுவரை உடலின் அவசரம் என்று ஒதுக்கியதை அதன் பிறகு ஒதுக்க முடிவதில்லை, ஏனெனில் இன்னொரு மனிதரின் குரலுக்காகக் காத்திருப்பது என்ன என்று இப்போதுதான் அவர்களுக்குத் தெரிகிறது.

ஆஸ்திரேலிய உளவியலாளர் விவியன் காஸ் 1979-ல் இந்த ஏற்பின் பயணத்தை ஆறு படிகளாக வகுத்தார்: குழப்பம், பிறரோடு ஒப்பிட்டுப் பார்த்தல், சகித்துக்கொள்ளுதல், ஏற்றுக்கொள்ளுதல், பெருமிதம், பிறகு வாழ்வின் மற்ற எல்லாவற்றோடும் இதையும் ஓர் அங்கமாகச் சேர்த்துக்கொள்ளுதல். இன்றும் உளவியல் வகுப்புகளில் கற்பிக்கப்படும் வரிசை இது. தனியாக வாழும் இளைஞருக்கு ஓரளவு பொருந்தும். மணமான ஆணுக்கோ அது நேர்கோட்டில் அமைவதில்லை. நண்பரிடம் ஐந்தாம் படியில் நிற்பவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது முதல் படிக்கு இறங்கிவிடுகிறார். அவருடைய ஏற்பில் துக்கமும் கலந்திருக்கிறது: வாழாமல் போன இளமைக்கான துக்கம், ஒரு பெண்ணின் இளமையையும் சேர்த்துக் கரைத்துவிட்டோமே என்ற குற்றவுணர்வு. மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வரும் காலம் இதுவே. அப்போது 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணிலும், தமிழ்நாட்டில் 104 எண்ணிலும் பேசலாம். சென்னையில் 1998 முதல் இயங்கும் சகோதரன் அமைப்பும், தமிழிலும் பேசும் ஓரினம் குழுவும் தம்மைப் போன்றவர்களைச் சந்திக்க வழிசெய்கின்றன. தனக்கு மட்டும்தான் இப்படி என்ற நினைப்பு உடைவதே பலருக்குப் பாதி மருந்து.

பொதுவெளியில் இதைச் சொன்ன இந்தியர்களில் குஜராத்தின் ராஜபிப்லா அரச குடும்பத்தைச் சேர்ந்த மானவேந்திர சிங் கோஹில் முக்கியமானவர். 1991-ல் ஜாபுவா அரச குடும்பத்துப் பெண்ணோடு அவருக்குத் திருமணம் நடந்தது. கல்யாணம் தன்னை மாற்றிவிடும் என்று தான் நம்பியதாகப் பின்னர் பேட்டிகளில் சொன்னார். 1992-ல் விவாகரத்து. இன்னொரு பெண்ணின் வாழ்க்கையை இப்படிக் கெடுத்துவிடாதீர்கள் என்று பிரியும்போது மனைவி கேட்டுக்கொண்டதையும் அவரே சொல்லியிருக்கிறார். 2000-ல் எச்.ஐ.வி. தடுப்புக்காக லக்ஷ்யா அறக்கட்டளையைத் தொடங்கினார். பிறகு மனம் உடைந்து சிகிச்சை பெற்றார். 2006-ல், நாற்பது வயதில், ஒரு குஜராத்தி நாளிதழில் வெளிப்படையாக அறிவித்தார். ஊரில் அவருடைய உருவபொம்மையை எரித்தார்கள். மகனே இல்லை என்று பெற்றோர் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்கள். அரண்மனைக்காரருக்கே இந்தக் கதி என்றால், மளிகைக் கடை நடத்துபவரும் அரசுப் பள்ளி ஆசிரியரும் எதைத் தாங்க வேண்டியிருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

மனைவியிடம் சொல்வது

தனக்குத்தானே ஏற்றுக்கொள்வதோடு வேலை முடிந்துவிடுகிறது என்று சில ஆண்கள் எண்ணுகிறார்கள். நண்பர்களுக்குத் தெரியும், ஆலோசகருக்குத் தெரியும், மனைவிக்கு மட்டும் தெரியாது என்ற நிலையில் பத்து ஆண்டுகள் ஓட்டுகிறார்கள். இது ஏற்பு ஆகாது. சுமையைத் தன் தோளிலிருந்து இறக்கி அவள் தோளில் வைத்துவிட்டு நடப்பது இது. தன் வாழ்க்கையைப் பற்றிய ஆகப் பெரிய செய்தி மறைக்கப்பட்ட நிலையில் அந்தப் பெண் ஒவ்வொரு முடிவையும் எடுத்துக்கொண்டிருக்கிறாள்: வேலையை விடுவது, நகையை விற்று வீடு வாங்குவது, இன்னொரு பிள்ளை பெறுவது. அவளுக்குச் சேர வேண்டிய தகவல் அது.

அமெரிக்கக் கல்வியாளரான அமிட்டி பியர்ஸ் பக்ஸ்டன், நீண்ட மணவாழ்வுக்குப் பிறகு தன் கணவர் தன்பாலீர்ப்பாளர் என்று அறிந்தவர். அதே நிலையிலிருந்த நூற்றுக்கணக்கானவர்களிடம் பேசி 1991-ல் ஒரு நூல் எழுதினார். இத்தகைய மனைவியருக்கும் கணவருக்கும் ஒரு துணைக்குழுவையும் கட்டினார். கணவன் மறைவிலிருந்து வெளியே வரும் அதே நாளில் மனைவி மறைவுக்குள் தள்ளப்படுகிறாள் என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்னது. தமிழ்க் குடும்பத்தில் இது இன்னும் கூர்மையாக நடக்கிறது. யாரிடம் சொல்வாள்? சொன்னால் பிள்ளையின் கல்யாணம் என்னாகும்? உனக்கு இத்தனை வருஷம் தெரியாமலா இருந்தது என்று கேட்பார்களே? அதிர்ச்சி, தன் உடலைப் பற்றிய அவமானம், முழு மணவாழ்வும் பொய்யோ என்ற சந்தேகம், பிறகு கோபம். 'என்னை ஏன் தேர்ந்தெடுத்தாய்?' என்று அவள் கேட்கும்போது, சமூகம் செய்தது என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. சமூகம் நெருக்கியது உண்மை. கையெழுத்துப் போட்டது அவன். இரண்டையும் ஒப்புக்கொள்பவனிடம்தான் அவளால் மேலே பேச முடியும்.

அனுபவமுள்ள ஆலோசகர்களின் யோசனைகள் எளியவை. சண்டையின் நடுவில் ஆயுதமாக எடுத்து எறியக் கூடாது. பிள்ளைகளோ மாமியாரோ வீட்டில் இல்லாத, அவசரமில்லாத ஒரு நேரம் வேண்டும். ஒரே இரவில் எல்லா விவரங்களையும் கொட்ட வேண்டாம், ஆனால் கேட்ட கேள்விக்குப் பொய் சொல்லக் கூடாது. யாரிடம் சொல்வது என்ற உரிமை அவளுக்கும் வேண்டும். அவள் தன் அக்காவிடமோ தோழியிடமோ பேசியே தீர வேண்டியிருக்கும். வன்முறைக்கோ வீட்டுக்காவலுக்கோ வாய்ப்புண்டு என்று தெரிந்தால், தங்க ஓர் இடமும் கையில் கொஞ்சம் பணமும் ஏற்பாடு செய்த பிறகே சொல்ல வேண்டும். உறவினர் திரண்டு வந்து அடைத்துவைப்பதும், மந்திரிக்கக் கூட்டிப்போவதும், 'சரிசெய்யும்' மருத்துவரிடம் இழுத்துப்போவதும் வளர்ந்த ஆண்களுக்கும் நேர்கின்றன.

பிரிவதும் சேர்ந்திருப்பதும்

அதன் பிறகு என்ன என்பதற்கு ஒரே விடை இல்லை. பக்ஸ்டன் தொகுத்த அமெரிக்க அனுபவங்களில் மூன்றில் ஒரு பங்குத் தம்பதியர் உடனே பிரிந்தார்கள். இன்னொரு பங்கினர் சில காலம் யோசித்துப் பிரிந்தார்கள். மீதிப் பேர் சேர்ந்து வாழ முயன்றார்கள். நம் ஊரில் சேர்ந்திருப்பவர்களே அதிகம் காணக் கிடைக்கிறார்கள். பெண்ணுக்கு வருமானமும் வீடும் இல்லை என்பதே அதற்குப் பல நேரம் காரணம். அதை விருப்பம் என்று கணக்கில் எழுதிவிடக் கூடாது. உண்மை தெரிந்த பின்பும் நண்பர்களாக ஒரே கூரையின்கீழ் வாழ இருவரும் மனதார முடிவு செய்வது சாத்தியம்தான். அந்த ஏற்பாட்டில் அவனுக்குக் கிடைக்கும் சுதந்திரம் அவளுக்கும் உண்டா என்று கேட்டுப் பார்த்தால் அது நியாயமானதா என்பது விளங்கிவிடும்.

பிரிவதானால் சட்டத்தில் வழிகள் உண்டு. இந்து திருமணச் சட்டம், 1955-ன் 12-வது பிரிவின்படி, முக்கிய உண்மையை மறைத்துச் சம்மதம் பெற்ற திருமணத்தைச் செல்லாது என்று அறிவிக்கக் கோரலாம். ஆனால் மோசடி தெரிந்த ஓராண்டுக்குள் மனு செய்ய வேண்டும், தெரிந்த பிறகு சேர்ந்து வாழ்ந்திருக்கக் கூடாது. 13-வது பிரிவின் கீழ் மனக்கொடுமை ஒரு காரணம். வழக்காடாமல் முடிக்க 13பி பிரிவு, அதாவது பரஸ்பர சம்மதம், சிறந்த வழி: ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், முதல் மனுவுக்குப் பின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அந்த ஆறு மாதத்தைத் தகுந்த வழக்குகளில் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் அமர்தீப் சிங் வழக்கில் சொன்னது. பரஸ்பர சம்மத மனுவில் காரணத்தை விரித்து எழுத வேண்டியதில்லை என்பதால் இருவர் மானமும் காக்கப்படுகிறது. கிறிஸ்தவர்களுக்கு 2001 திருத்தத்துக்குப் பின் விவாகரத்துச் சட்டத்தில் பரஸ்பர சம்மத வழி இருக்கிறது. முஸ்லிம்களுக்கு முபாரத் என்ற பரஸ்பரப் பிரிவும், மனைவி கோரும் குலாவும் உண்டு. ஜீவனாம்சம், சீதனத்தைத் திருப்பித் தருவது, வீடு யாருக்கு என்பவற்றில் கணவன் தாராளமாக நடந்துகொள்வது கருணை ஆகாது. அந்தப் பெண் இழந்த ஆண்டுகளுக்கு அது ஒரு சிறு ஈடு.

மனைவியின் பக்கத்திலிருந்து இந்தப் பிரிவைப் பார்த்த படம், ஜியோ பேபி இயக்கி 2023 நவம்பரில் வெளியான மலையாளத்தின் 'காதல் - தி கோர்'. கேரளச் சிற்றூர் ஒன்றில் உள்ளாட்சி இடைத்தேர்தலில் நிற்கும் மாத்யூ தேவஸ்ஸியாக மம்மூட்டி. அதே நேரத்தில் அவரிடமிருந்து விவாகரத்துக் கோரும் மனைவி ஓமனாவாக ஜோதிகா. மனு போடுவது அவள். பழிவாங்க அல்லாமல், தனக்கும் கணவனுக்கும் மூச்சுவிட இடம் வேண்டும் என்பதற்காகப் போடுகிறாள். நட்சத்திர நடிகர் ஒருவர், தானே தயாரித்து, கூன் விழுந்த தயக்கத்தோடு அந்த வேடத்தில் நடித்தது பல வீடுகளில் முதல்முறையாக இந்தப் பேச்சுக்கு வழி திறந்தது. மாநில அரசின் சிறந்த படத்துக்கான விருதும் அதற்குக் கிடைத்தது. தமிழில் இந்த வயதை, இந்தத் தம்பதியை இவ்வளவு பொறுமையோடு பார்த்த பெரிய படம் இன்னும் வரவில்லை, வர வேண்டும்.

பிள்ளைகளைப் பொறுத்தவரை, அவர்கள் யாரிடம் வளர்வது என்ற வழக்குகளில் நீதிமன்றம் முதலில் பார்ப்பது குழந்தையின் நலனை. பெற்றோரின் பாலீர்ப்பு பிள்ளையின் வளர்ச்சியைப் பாதிப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை என்று அமெரிக்க உளவியல் சங்கம் 2004-லேயே தெளிவுபடுத்தியிருக்கிறது. பிள்ளைகளைப் புண்படுத்துவது வீட்டின் மௌனமும் சண்டையும், உறவினர் வாயிலிருந்து அரைகுறையாக விஷயம் கேள்விப்படுவதும்தான். சிறு பிள்ளைக்கு அப்பா எங்கும் போய்விடவில்லை என்ற உறுதி போதும். பதின்வயதுப் பிள்ளை கோபப்படும், பள்ளியில் தெரிந்துவிடுமோ என்று அஞ்சும். அதற்குக் காலம் கொடுக்க வேண்டும். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து உட்கார்ந்து சொல்வதே நல்லது.

இதுவரை சொன்னது இந்தியச் சட்டம்; பிற நாடுகளில் வாழும் தமிழ் ஆண்களின் நிலை நாட்டுக்கு நாடு மாறுகிறது. இலங்கையில் 1883-ம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவையில் இவ்வுறவைக் குற்றமாக்கும் 365, 365ஏ பிரிவுகள் ஆங்கிலேயர் விட்டுப்போனவை. அவற்றைத் திருத்தும் மசோதா அரசியலமைப்புக்கு முரணானது அல்ல என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023-ல் சொன்ன பிறகும் அது சட்டமாகவில்லை. சிங்கப்பூர் 377ஏ பிரிவை நீக்கியது 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. மலேசியாவில் சிறையும் பிரம்படியும் சட்டப் புத்தகத்தில் இன்னும் இருக்கின்றன.

அடுத்த வாழ்வின் ஏற்பாடுகள்

பிரிந்துவந்த ஆண் ஒரு துணையோடு வாழத் தொடங்கினால், அந்த உறவுக்கு இந்தியாவில் திருமணத் தகுதி கிடையாது. 2023 அக்டோபர் 17 அன்று சுப்ரியோ வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் சட்டமன்றங்களிடம் விட்டுவிட்டது. இத்துணைவர்களுக்குத் தரக்கூடிய உரிமைகளை ஆராய அமைச்சரவைச் செயலாளர் தலைமையில் குழு அமைக்கப்படும் என்ற அரசின் உறுதியைப் பதிவு செய்தது. அதன் தொடர்ச்சியாக 2024-ல் சில சில்லறைச் சலுகைகள் வந்தன: ஒரே ரேஷன் அட்டையில் ஒரே குடும்பமாகப் பெயர் சேர்க்கலாம், கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கித் துணைவரை நியமனதாரராகக் குறிப்பிடலாம், நெருங்கிய உறவினர் இல்லாதபோது துணைவரின் உடலைப் பெற்றுக்கொள்ளலாம். 2025 மே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு பெண் ஜோடியின் வழக்கில், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழி அல்ல என்றது.

வாரிசுரிமையில் துணைவருக்கு இடமில்லை. உயில் எழுதாமல் ஓர் இந்து ஆண் இறந்தால் சொத்து பிள்ளைகளுக்கும், விவாகரத்து ஆகாதிருந்தால் மனைவிக்கும், தாய்க்கும் போகும். பத்து ஆண்டுகள் உடனிருந்து பராமரித்தவர் வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும். பிரிந்த மனைவிக்குக் கொடுப்பதாக வாக்களித்ததும் எழுத்தில் இல்லாவிட்டால் அதே கதிதான். சுயமாகச் சம்பாதித்த சொத்துக்கு இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்ட உயில் போதும். பதிவு கட்டாயமில்லை என்றாலும், உறவினர் எதிர்க்கக்கூடிய இத்தகைய குடும்பங்களில் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வதே பாதுகாப்பு. காப்பீட்டிலும் வருங்கால வைப்பு நிதியிலும் திருமணத்தன்று எழுதிய வாரிசு நியமனம் அப்படியே கிடக்கும். முன்னாள் மனைவி, பிள்ளைகள், துணைவர் என்று யாருக்கு என்ன என்பதை விதிகள் அனுமதிக்கும் அளவில் மாற்றி எழுதி, அதன் நகலை மூன்று தரப்புக்கும் கொடுத்துவைக்க வேண்டும்.